கடல் கடந்த பல்லி கண்ணாடிப் பெட்டியில் ஏன் சாகிறது?

1995 செப்டம்பரில் கரீபியன் கடலில் அடுத்தடுத்து இரண்டு புயல்கள் அடித்தன. ஒன்றின் பெயர் லூயிஸ், மற்றொன்று மேரிலின். புயல் ஓய்ந்து சில வாரங்கள் கழித்து, அக்டோபர் 4 அன்று, அங்குவிலா என்ற சிறு தீவின் கிழக்குக் கரையில் வேரோடு சாய்ந்த மரங்கள் பெரிய திட்டாக வந்து ஒதுங்கின. அந்த மரங்களின் மேலும் கரை மணலிலும் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் இருந்ததை அங்குள்ளவர்கள் பார்த்தார்கள். அதுவரை அந்தத் தீவில் அந்த இனமே கிடையாது. குவாடலூப் தீவின் பக்கமிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து வந்திருக்க வேண்டும் என்று எலன் சென்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கரையேறியவற்றில் சில, இரண்டு ஆண்டுகள் தாண்டியும் அங்கே உயிரோடு இருந்தன. முட்டையிடத் தயாரான பெண் ஒன்றும் அவற்றில் இருந்தது.

அலையில் ஆடும் மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு கடலைக் கடந்த உயிர் இது. ஆனால் இதே இகுவானாவைக் கடையிலிருந்து வாங்கி வந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாள் தவறாமல் தீனி போட்டாலும் பல வீடுகளில் அது ஒரு வருடம் தாங்குவதில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் இகுவானாக் குஞ்சுகள் இறக்குமதியாயின. கொலம்பியாவிலும் எல் சால்வடோரிலும் இதற்கென்றே பண்ணைகள் நடந்தன. வீடுகளுக்குப் போன குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் ஆண்டைக் கடக்கவில்லை என்று ஊர்வன மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது.

புயலைத் தாங்கிய உடலால் வீட்டைத் தாங்க முடியாமல் போவது ஏன்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இகுவானாவின் உடல் அதன் தோலோடு முடிந்துவிடுவதில்லை. செரிமானத்தில் ஒரு பகுதி மண்ணிலும், எலும்பு உருவாவதில் ஒரு பகுதி வெயிலிலும், உடல் சூட்டில் ஏறத்தாழ முழுவதும் மரத்தின் உச்சிக் கிளையிலும் இருக்கின்றன. குஞ்சை மட்டும் தனியே எடுத்து வருகிறவர் அந்த உயிரின் ஒரு பாதியைத்தான் எடுத்து வருகிறார்.

இலை தின்னும் பெரும் பல்லி

பச்சை இகுவானாவுக்கு 1758இல் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரையிலும் கரீபியன் தீவுகள் சிலவற்றிலும் இது இயற்கையாக வாழ்கிறது. ஆற்றங்கரை மரங்களே இதன் வீடு. ஆபத்து வந்தால் உயரக் கிளையிலிருந்து அப்படியே தண்ணீரில் குதித்து, நீந்தித் தப்பிவிடும்.

படத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் ‘உடும்பு’ என்பார்கள். உருவத்தில் ஒற்றுமை உண்டு, உறவு நெருக்கமில்லை. உடும்பு புலால் உண்பது. பாம்பைப் போல நாக்கு பிளந்திருக்கும். இகுவானா ஏறத்தாழ முழுக்க முழுக்கத் தழை தின்னி. வேலியில் தலையாட்டும் நம் ஓணான்தான் இதற்குச் சற்றுக் கிட்டிய உறவு. கழுத்துக்குக் கீழே தொங்கும் பெரிய தாடை மடல், முதுகு நெடுகச் சீப்புப் பல் போன்ற முட்கள், காதுக்குக் கீழே பளபளக்கும் வட்டமான ஒரு பெரிய செதில் ஆகிய மூன்றையும் பார்த்தால் இகுவானாவை எளிதில் அடையாளம் காணலாம்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் எடை 12 கிராம் அளவுதான். வாலையும் சேர்த்து ஒரு சாண் நீளம், தளிர் இலையின் பச்சை. கடையில் பார்ப்பவர் மனதைப் பறிகொடுப்பது இந்தக் கோலத்தில்தான். மூன்று ஆண்டுகளில் அது ஒரு மீட்டரைத் தாண்டும். முழு வளர்ச்சி பெற்ற ஆண் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேல், சில வேளை இரண்டு மீட்டரை எட்டும். எடை நான்கைந்து கிலோவுக்கும் மேல் போகும். கடைக்காரர் கூடவே விற்கும் கண்ணாடிப் பெட்டி சில மாதங்களுக்குத்தான் போதும்.

முதல் உணவு மண்

பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்தபோது காட்டூன் ஏரி உருவானது. அப்போது நீரில் மூழ்காமல் மிஞ்சிய மலை உச்சி இன்று பாரோ கொலராடோ என்னும் தீவாக இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெப்பமண்டல ஆய்வு நிலையம் அங்கே இயங்குகிறது. தீவை ஒட்டி ஸ்லோதியா என்ற மிகச் சிறிய திட்டு ஒன்று உண்டு. கோடையில் பெண் இகுவானாக்கள் பெருந்தீவிலிருந்து நீந்தி வந்து அந்தத் திட்டின் மண்ணில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஒன்று 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ மூன்று மாதங்களில், முதல் மழையில் காடு துளிர்க்கும் நேரம் பார்த்துக் குஞ்சுகள் வெளிவருகின்றன.

கார்டன் பர்க்ஹார்ட், ஹாரி கிரீன், ஸ்டான்லி ராண்ட் ஆகிய மூவரும் இந்தக் காட்சியை ஒளிந்திருந்து கவனித்து 1977இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். குஞ்சு உடனே வெளியே ஓடி வருவதில்லை. வளை வாயில் தலையை மட்டும் நீட்டி நெடுநேரம் சுற்றுமுற்றும் பார்க்கும். பக்கத்துத் துளைகளிலும் தலைகள் தெரியும். ஒன்று கிளம்பினால் மற்றவையும் கிளம்பும். கூட்டமாக ஓடி, கூட்டமாகத் தண்ணீரில் இறங்கி, பெருந்தீவுக்கு நீந்திப் போகும். அங்கும் ஒரே செடியில் ஒன்றை ஒன்று ஒட்டியபடி உறங்கும். பல்லி என்றால் தனியாகவே திரியும் என்ற பழைய எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்தது. பருந்து போன்ற எதிரி நெருங்கும்போது ஆண் குஞ்சுகள் உடன்பிறந்த பெண் குஞ்சுகளின் மேல் படுத்து மறைப்பதைப் பின்னாளில் ஹெசூஸ் ரிவாஸ் என்ற ஆய்வாளரும் பதிவு செய்தார்.

இந்தக் கூட்டு வாழ்க்கைக்கு வயிற்றோடும் தொடர்பு இருக்கிறது. இலையில் செல்லுலோஸ் நிறைய இருக்கிறது. எந்த முதுகெலும்பு விலங்காலும் அதைத் தன் சொந்த நொதியால் உடைக்க முடியாது. நுண்ணுயிர்கள்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும். இகுவானாவின் பெருங்குடலில் தடுப்புத் தடுப்பாக மடிப்புகள் உண்டு. இலைக்கூழ் அங்கே நாள் கணக்கில் தங்கி, நுண்ணுயிர்களால் நொதித்து, உடலுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சின் குடலில் இந்த நுண்ணுயிர்கள் இருப்பதில்லை. அவற்றை எங்கிருந்து பெறுகிறது?

பனாமாவில் ஆய்வு செய்த கேத்தரின் ட்ராயர் 1982இல் இதற்கு விடை சொன்னார். குஞ்சு வளையை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள மண்ணைத் தின்கிறது. பிறகு முதல் சில வாரங்களுக்குள் பெரிய இகுவானாக்கள் இருக்கும் மர உச்சிக்கு ஏறிப் போய், அவற்றின் எச்சத்தைத் தின்கிறது. பெரியவர்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் இப்படித்தான் தலைமுறை தாண்டிக் கைமாறுகிறது. இந்த வாய்ப்புக் கிடைக்காத குஞ்சுகள் மெதுவாகவே வளர்ந்தன.

தாயுமில்லாமல், மூத்ததுமில்லாமல், தொற்றுநீக்கிய தொட்டியில் வளரும் கடைக்குஞ்சுக்கு இந்தச் சொத்து முறையாகக் கிடைப்பதில்லை. அது எதையாவது தின்று சமாளிக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே குறையோடு தொடங்குகிறது.

சூடு இல்லையேல் செரிமானம் இல்லை

குடலில் நுண்ணுயிர்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை வேலை செய்யச் சூடு வேண்டும். கோடையில் இரவோடிரவாகப் பொங்கி வழியும் இட்லி மாவு, மார்கழிக் குளிரில் விடிந்த பிறகும் அசையாமல் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இகுவானாவின் பெருங்குடலிலும் இதே கதைதான். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருக்கும்போதுதான் இலை ஒழுங்காகச் செரிக்கிறது.

அந்தச் சூட்டை அது உள்ளே உண்டாக்கிக்கொள்ள முடியாது, வெயிலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. விடிந்ததும் கிளையில் வயிற்றை அழுத்திப் படுத்திருக்கும் இகுவானாவின் தோல் கறுத்திருக்கும். கறுத்த தோல் வெப்பத்தை விரைவாக உள்வாங்கும். உடல் சூடேற ஏற நிறம் வெளுத்துப் பளீரென்ற பச்சைக்கு மாறும். அதற்கு மேலும் சூடானால் நிழலுக்கு நகரும். நாள் முழுவதும் இப்படி வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்து நகர்ந்தே அது தன் உடல் வெப்பத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது.

ஆகவே கூண்டில் ஒரே சீரான வெப்பம் இருப்பது நல்லதல்ல. ஒரு முனையில் 35 முதல் 38 டிகிரி வரை சூடான கிளை, மறுமுனையில் 27 டிகிரி அளவில் நிழல், இரவில் 24 டிகிரிக்குக் குறையாத காற்று என்று ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை விலங்கே முடிவு செய்யும். மொட்டை மாடி வெயிலில் கண்ணாடிப் பெட்டியோடு வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நிழலுக்குப் போக வழியில்லாத அந்தப் பெட்டி சில நிமிடங்களில் விலங்கைக் கொன்றுவிடும். கடைகளில் விற்கும் சூடேறும் செயற்கைக் கல்லும் ஆபத்தானது. மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகிய உடல், வயிற்றுக்குக் கீழே ஏறும் அளவு மீறிய சூட்டை உணர்ந்து விலகுவதில்லை. வயிற்றுத் தோல் வெந்துபோன இகுவானாக்களைப் பார்க்காத ஊர்வன மருத்துவர் இல்லை.

சூடும் சுவையும் மோதினால் இகுவானா எதைத் தேர்ந்தெடுக்கும்? மார்ட்டா பலாஸ்கோ, மிஷேல் கபனாக் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனை இதற்கானது. விளக்கின் சூட்டுக்கு அருகே சத்தான வழக்கமான தீனி. தொலைவில், குளிர்ந்த மூலையில் அவற்றுக்குப் பிடித்த லெட்டூஸ் கீரை. பசி தீர்க்க லெட்டூஸ் தேவையே இல்லை. ஆனாலும் இளம் இகுவானாக்கள் குளிரைப் பொறுத்துக்கொண்டு அதற்காகப் போய்வந்தன. குளிர் கூடக் கூடப் போவது குறைந்தது. விருப்பத்தையும் வலியையும் நிறுத்துப் பார்க்கும் ஒரு மனம், எளிய அளவிலேனும், அதற்கு உண்டு என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது. கூண்டில் அடைக்கும் முன் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

வெயிலில் விளையும் எலும்பு

வீட்டு இகுவானாக்கள் பலவற்றைக் கொன்றது எலும்பு நோய். அதை நெருங்கிப் பார்த்தால் காரணமும் விளங்கும்.

குஞ்சு வாங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். கீழ்த்தாடை இரு பக்கமும் உப்பி, முகம் குழந்தையின் கன்னம் போலத் தெரியும். தொடைகள் பருத்திருக்கும். நன்றாகத் தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். தாடையைத் தொட்டுப் பார்த்தால் ரப்பர் போல வளையும். கால் விரல்கள் துடிக்கத் தொடங்கும். ஒருநாள் கிளையிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறியும். உப்பியிருந்தது சதை அல்ல. எலும்பிலிருந்த கால்சியம் கரைந்துபோக, அந்த இடத்தை நார்த்திசு நிரப்பிய வீக்கம்.

இரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இதயமும் தசையும் நரம்பும் இயங்காது. அதனால் அளவு குறையும்போதெல்லாம் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அது கிடைக்காவிட்டால் எலும்பு தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும்.

டி3 எங்கிருந்து வருகிறது? வெயிலில் கலந்துள்ள புற ஊதா-பி கதிர், அதாவது 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட கண்ணுக்குத் தெரியாத ஒளி, தோலில் உள்ள ஒருவகைக் கொலஸ்ட்ராலைத் தாக்கி டி3இன் முன்வடிவமாக மாற்றுகிறது. அந்த முன்வடிவம் உடல் சூட்டில் மெல்ல டி3 ஆகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு படிகள் கடந்து செயல்படும் வடிவை அடைகிறது. மைக்கேல் ஹோலிக்கும் அவருடைய குழுவினரும் 1995இல் இகுவானாவின் தோலையே வைத்து ஆராய்ந்தபோது, தோலின் சவ்வுக்குள் இந்த மாற்றம் சோதனைக்குழாய்க் கரைசலில் நடப்பதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதைக் கண்டார்கள். ஒளியும் சூடும் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

சாதாரண சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெருமளவில் தடுத்துவிடும். எனவே சன்னலோரம் வெளிச்சமாக இருக்கும் கூண்டும் இந்த வகையில் இருட்டறைதான். புற ஊதா-பி தரும் விளக்குகள் கிடைக்கின்றன. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அவற்றின் கதிர் வலுவிழக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் பழையபடி எரியும். விளக்கு எரிகிறதே என்று நம்பியிருப்பவர் ஏமாந்துபோவார். டி3 கலந்த தூளை உணவில் தூவுவதும் இகுவானாவுக்கு நம்பகமான மாற்றாக அமையவில்லை. அளவு கூடினால் நஞ்சாகவும் ஆகும். வெயிலுக்கு அந்தக் கெடுதல் கிடையாது. தோலில் அளவு மிஞ்சிய முன்வடிவத்தை அதே ஒளி வேறு பொருளாகச் சிதைத்துவிடுகிறது.

தீனியிலும் கணக்கு உண்டு. உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. வாழைப்பழத்தில் இது தலைகீழ். கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. பசலை, முளைக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிணைத்து வெளியேற்றிவிடும். முருங்கைக்கீரை, செம்பருத்தியின் இலையும் பூவும், பூசணி போன்றவற்றைக் கலந்து கொடுப்பது பொருத்தம். நாய்க்கும் பூனைக்குமான தீனியைக் கொடுத்து ‘நன்றாக வளர்கிறது’ என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் புரதம் யூரிக் அமிலமாகிச் சிறுநீரகத்தில் படிந்து, சில ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோனது.

தண்ணீர், உப்பு, உச்சந்தலைக் கண்

மழைக்காட்டு மரத்தில் காற்றே ஈரமாக இருக்கும். இலையில் தங்கிய மழைநீரை நக்கியும் இலைச்சாற்றிலிருந்தும் இகுவானா நீர் பெறுகிறது. தேவைக்கு மிஞ்சிய உப்பை வெளியேற்ற அதன் மூக்கில் தனிச் சுரப்பியே உண்டு. இகுவானா அடிக்கடி தும்மும். தும்மிய இடத்தில் கண்ணாடியின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்து நிற்பது சோடியம், பொட்டாசியம் உப்புகள். சளி பிடித்துவிட்டது என்று பயந்து மருந்து கொடுக்கத் தேவையில்லை. ஆனால் குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் மாதக்கணக்கில் இருந்தால் உடல் கொஞ்சம் கொஞ்சமாக நீரிழந்து சிறுநீரகம் பழுதாகும். இகுவானாவின் சிறுநீரகங்கள் இடுப்பெலும்பு வளையத்துக்குள் அமைந்திருக்கின்றன. அவை வீங்கினால் பக்கத்திலுள்ள குடலை நெரித்துவிடும். மலச்சிக்கல் என்று வரும் வயதான இகுவானாவின் உண்மையான நோய் பல வேளைகளில் சிறுநீரகத்தில் இருக்கும்.

உச்சந்தலையில், இரு கண்களுக்கு நடுவே சற்றுப் பின்னால், வெளிறிய ஒற்றைச் செதில் ஒன்று தெரியும். அதனடியில் லென்ஸும் ஒளியுணரும் செல்களும் கொண்ட மூன்றாவது கண் இருக்கிறது. அது உருவத்தைக் காட்டாது. ஒளியையும் நிழலையும் மட்டும் மூளைக்குச் சொல்லும். பகலின் நீளத்தையும் பருவத்தையும் அறிய உதவுவதோடு, மேலே திடீரென நிழல் விழுந்தால் எச்சரிக்கவும் செய்யும். காட்டில் மேலிருந்து விழும் நிழல் பருந்து. வீட்டில் அது அன்போடு நீளும் நம் கை. மேலிருந்து கையை இறக்கினால் இகுவானா மிரள்வதும் வாலைச் சுழற்றுவதும் அதனால்தான். பக்கவாட்டிலிருந்து, அது பார்க்கும்படி, மெதுவாக நெருங்க வேண்டும். தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது, இந்தத் தொல்லை முடியட்டும் என்று காத்திருப்பது.

இளம் இகுவானாவின் வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கழன்று கையில் வந்துவிடும். வால் எலும்புகளில் இதற்கென்றே பலவீனமான கோடுகள் அமைந்திருக்கின்றன. மீண்டும் முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். நிறமும் மங்கலாக இருக்கும்.

வளர்ந்த பிறகு

இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இகுவானா பருவமடைகிறது. ஆணின் உடலில் ஆரஞ்சு நிறம் படரும். தொடையின் உட்புறத் துளைகளிலிருந்து மெழுகு போன்ற மணப்பொருள் கசியும். போகுமிடமெல்லாம் அதைத் தேய்த்து எல்லை குறிக்கும். வருடக்கணக்கில் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த அதே ஆண், இனப்பெருக்கக் காலத்தில் வளர்ப்பவரையே போட்டியாளராகக் கருதிப் பாயலாம். இலையை நறுக்குவதற்கென்று அமைந்த அதன் பற்களின் விளிம்பு ரம்பம் போன்றது. கடித்தால் தையல் போடவேண்டி வரும்.

பெண்ணுக்கு வேறு இடர். ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டைகள் உருவாகும். ஈரமான ஆழ்ந்த மண் கிடைத்தால்தான் தோண்டி முட்டையிடும். ஓடு பதித்த அறையில் இடம் தேடித் தேடி, முட்டையை வயிற்றிலேயே அடக்கி, அறுவை சிகிச்சை வரை போகும் பெண் இகுவானாக்கள் உண்டு.

வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. நலமாக இருக்கும் இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா வாழலாம். 1990களில் அமெரிக்காவில் கைக்குழந்தைகளைத் தாக்கிய மரினா என்ற சால்மோனெல்லா வகையை ஆராய்ந்தபோது, அந்த வீடுகளில் வளர்ந்த இகுவானாக்களோடு தொடர்பு தெரிந்தது. குழந்தை விலங்கைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. தொட்டவர் கை கழுவாமல் தூக்கினாலே போதும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள் உள்ள வீட்டுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இந்த விலங்கு ஆகாது.

வேலிக்கு வெளியே

இத்தனை தொல்லைகளையும் கண்டு சலித்த பலர் செய்த காரியம், ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் குளக்கரையில் விட்டது. அங்கே வெயில், மரம், மண், ஈரம் எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. வீட்டில் நலிந்த உயிர் வெளியே பெருகியது.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1960களிலேயே இவை வெளியே தென்பட்டன. இன்று கால்வாய்க் கரைகளைத் துளைத்து, தோட்டங்களைத் தின்று, மாநிலத்தின் தென்பகுதி முழுவதும் பரவியிருக்கின்றன. அங்கே அவற்றைத் தடுப்பது குளிர் ஒன்றுதான். 2020 ஜனவரி 21 அன்று மரங்களிலிருந்து விறைத்த இகுவானாக்கள் விழக்கூடும் என்று மயாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது. 2021இல் புளோரிடா இதைத் தடை செய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கிராண்ட் கேமன் தீவில் 2018 அக்டோபரில் அரசு தொடங்கிய ஒழிப்புப் பணியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. தைவானின் தெற்கிலும் மத்தியிலும் இரண்டு லட்சம் இருப்பதாக மதிப்பிட்டு, 2025இல் ஒரு லட்சத்து 20 ஆயிரம் வரை கொல்லத் திட்டமிட்டார்கள். தாய்லாந்தின் லோப்புரி மாகாணத்தில் 2023இல் அதிகாரிகள் வலையோடு இறங்கினார்கள். கரீபியன் தீவுகளில் அழிவின் விளிம்பில் நிற்கும் சிற்றண்டிலிஸ் இகுவானாவோடு இவை கலந்து, அந்த இனத்தின் தனித்தன்மையையே கரைத்துவருகின்றன. கொல்லப்பட்டவற்றில் பல, ஒரு காலத்தில் யாரோ ஆசையாக வாங்கிய குஞ்சின் வாரிசுகள்.

தமிழ்நாட்டின் கடற்கரைச் சமவெளியில் குளிர் என்ற அந்தத் தடையும் கிடையாது.

நம் ஊரில்

தாய்லாந்து வழியாக வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிப் பைக்குள் திணிக்கப்பட்ட வெளிநாட்டு ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். கடையில் நாம் பார்க்கும் குஞ்சுக்குப் பின்னால் அப்படி ஒரு பயணம் இருக்கலாம்.

பச்சை இகுவானா 1977 முதல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் அட்டவணையில் இத்தகைய வெளிநாட்டு இனங்கள் சேர்க்கப்பட்டன. 2024இல் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். நம் உடும்போ சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குறையாத, ஏறிப் படுக்கக் கிளைகள் உள்ள கம்பிவலைக் கூண்டு கட்டுங்கள். நம் ஊருக்கு வாய்த்த பெருஞ்செல்வம் வெயில். காலையிலும் பிற்பகலிலும் அது கண்ணாடி குறுக்கிடாமல் நேராகக் கூண்டில் விழட்டும். கூண்டின் பாதி எப்போதும் நிழலில் இருக்கட்டும். நாளுக்கு ஓரிரு முறை தண்ணீர் தெளியுங்கள். தழையும் பூவும் கொடுங்கள். புலாலும் முட்டையும் வேண்டாம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரை நோய் வருவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பதிவைச் செய்துவிடுங்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். ஏரிக்கரையிலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் தெளிவானது: வாங்காதீர்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் ஒரு மரத்தையும் ஒரு சூரியனையும் இருபது ஆண்டுகளுக்கு வைத்திருக்க முடிந்தவர்கள் மிகச் சிலர். பல்லிகளின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு, வேலியில் வெயில் காயும் ஓணானைக் காட்டுங்கள். அதுவும் காலையில் கறுத்திருக்கும், சூடேறினால் நிறம் மாறும், எல்லை காக்கத் தலையாட்டும். இந்த அத்தியாயத்தில் சொன்னவற்றில் பலவற்றை அதனிடமே காணலாம். அதற்குக் கூண்டு தேவையில்லை.